சுரண்டலும் அந்நியமாதலும்

இலண்டன் மாநகரில் 1863 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேரி ஆன் வோக்லி என்னும் 20 வயதுப் பெண்ணொருத்தி இறந்தாள். உயர்குடிப் பெண்டிருக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் தையற்கூடம் ஒன்றில் அவள் வேலை செய்துவந்தாள். அவ்வாண்டிலேதான் வேல்ஸ் இளவரசர் மணம் முடித்திருந்தார். புதிதாக நாட்டுக்கு வந்த இளவரசியைச் சிறப்பிக்கும் நடன விழாவுக்கெனச் சீமாட்டிகளின் உடைகள் விரைந்து முடிக்கப்படவேண்டியிருந்தன. வேறு 60 பெண்களோடு மேரி ஆன் 26½ மணி நேரம் ஓய்வின்றித் தைத்தாள். அறைக்கு முப்பது பேராக அவர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர்; மூச்சுவிடப் போதிய காற்று அவ்வறைகளில் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நோயில் வீழ்ந்தவள் ஞாயிற்றுக்கிழமை உயிர் நீத்தாள். கையிலெடுத்த உடை முடிக்கப்படாமலே கிடந்தது.

நெருக்கமான அறையில் அளவுக்கு மிஞ்சி வேலை செய்ததே சாவுக்குக் காரணம் என்று மருத்துவர் சாட்சியளித்தார். மரண விசாரணைச் சபையினரோ அவள் மூளைத்தாக்கினால் இறந்தாள் எனவும், மிகை வேலை அச்சாவை விரைவுபடுத்தியிருக்கக்கூடும் என அஞ்ச இடமுண்டு எனவும் தீர்ப்பளித்தனர். நாளிதழ்கள் இச்செய்தியைச் சில நாள் எழுதி ஓய்ந்தன. கார்ல் மார்க்ஸ் மட்டும் இதனை மறக்கவில்லை. 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாளைப் பற்றிய அதிகாரத்திலே, அப்பெண்ணின் பெயரையும் வயதையும் அவள் வேலை செய்த மணிக்கணக்கையும் அவர் பொறித்து வைத்தார்.

இம்மரணத்தை எண்ணிப் பார்ப்போர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழும். அப்பெண்ணிடமிருந்து பிறர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது ஒன்று. அவளுடைய உழைப்பு அவளுடையதாக இல்லாமற் போனது எவ்வாறு என்பது மற்றொன்று. மார்க்ஸின் நூல்களில் முதலாவது சுரண்டல் என்றும் இரண்டாவது அந்நியமாதல் என்றும் பெயர் பெறும். இவை ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்களா? ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு குறைகளா? அன்றி, ஒன்று மற்றொன்றின் விளைவா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தொழிலாளரின் துயருக்கு மருந்து கூலி உயர்வு மட்டுந்தானா, அதற்கு மேலும் வேண்டுவது உண்டா என்பது இவ்வினாவின் விடையைப் பொறுத்திருக்கிறது.

சுரண்டல் என்றதும் ஏமாற்று, அளவையிலே மோசடி, பேசிய கூலியைக் கொடாமை ஆகியனவே பலர் நினைவுக்கு வரும். அவை நடப்பதுண்டு. ஆனால், மார்க்ஸ் ஆராய்ந்தது அவற்றை அன்று. பேசிய கூலி ஒரு காசும் குறையாமற் கொடுக்கப்படும்போதும் சுரண்டல் நிகழ்வது எங்ஙனம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கலாகும். தொழிலாளி விற்பது தன் உழைப்பை அன்று, உழைக்கும் ஆற்றலையே என்பது அவர் கண்ட விடை. அவ்வாற்றலின் பெறுமதி, அவனும் அவன் குடும்பமும் உண்டு உடுத்து மறுநாளும் வேலைக்கு வருதற்கு வேண்டிய பொருள்களின் பெறுமதியாகும். அவ்வாற்றலைப் பயன்படுத்தும்போது தோன்றும் பெறுமதியோ அதனினும் மிகுதியானது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவன் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்கிறான். முதல் ஐந்து மணி நேரத்திலேயே தன் கூலிக்குச் சமமான பெறுமதியை அவன் ஆக்கிவிடுகிறான். எனினும் அவன் வீடு செல்ல முடியாது; அவன் விற்றது ஒரு முழு நாளை. எஞ்சிய ஐந்து மணி நேரத்தில் அவன் ஆக்குவது முதலாளிக்கு உரியதாகிறது. இதுவே மிகைப் பெறுமதி. கூலிக்கு ஈடான ஐந்து மணிக்கும் மிகையான ஐந்து மணிக்கும் உள்ள விகிதத்தை மார்க்ஸ் சுரண்டலின் அளவாகக் கொண்டார். இங்கே அவ்வளவு நூற்றுக்கு நூறு. ஆகவே, சுரண்டல் என்பது எண்ணிக் கணக்கிடத்தக்க ஒன்றாக அவருடைய கோட்பாட்டில் அமைகிறது.

இக்கணக்கு உழைப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்க்ஸ் இதனை விளக்குதற்கு வலாக்கிய நாட்டுக் குடியானவனை ஒப்பிட்டுக் காட்டினார். அவன் சில நாள் தன் நிலத்தில் உழைத்தான். சில நாள் பிரபுவின் நிலத்தில் ஊதியமின்றி உழைத்தான். தனக்கென உழைத்த நாள் எது, பிறனுக்கென உழைத்த நாள் எது என்பதை அவன் திட்டமாக அறிவான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது தமிழ்ப் பழமொழி. அவ்வுழவனுக்குக் கணக்குப் பார்க்கவாவது வழி இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. இரு பகுதி உழைப்பும் ஒரே கூரையின்கீழ், ஒரே இயந்திரத்தில், ஒரே மூச்சில் நடைபெறுகின்றன. வார இறுதியில் கிடைக்கும் கூலி, உழைத்த நேரம் முழுவதுக்கும் உரிய விலைபோலத் தோற்றமளிக்கின்றது.

இனி அந்நியமாதலைப் பார்ப்போம். ‘மூலதனம்’ வெளிவருதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1844 ஆம் ஆண்டில், மார்க்ஸ் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. பொருளியல் அறிஞர்களின் நூல்களைப் படித்துத் தமக்கென அவர் எழுதிவைத்த குறிப்புக்களே இன்று பாரிஸ் கையெழுத்துப் பிரதிகள் எனப் போற்றப்படுகின்றன. அந்நியமாதல் என்னும் சொல்லை ஹெகலின் மெய்யியலிலிருந்து அவர் எடுத்தார். மனிதன் தன் இயல்புகளையெல்லாம் கடவுள்மேல் ஏற்றிவிட்டுத் தான் வறியவனாகிறான் என்று 1841 இல் வெளியிட்ட நூலில் வாதித்த பொயர்பாக்கையும் அவர் கற்றிருந்தார். ஆனால், அவர் தேடியது சிந்தனையுலகில் நிகழும் அந்நியமாதலை அன்று. தொழிற்கூடத்தில், அன்றாட வேலையில் அது நிகழ்வதை அவர் கண்டார்.

அக்குறிப்புக்களிலே நால்வகை அந்நியமாதல் கூறப்படுகின்றது. அவற்றைத் தையற்கூடத்துப் பெண்ணின் நிலையோடு பொருத்திப் பார்த்தால் பொருள் தெளிவாகும். முதலாவது, உழைப்பின் பயனிலிருந்து அந்நியமாதல். அவள் தைத்த பட்டாடை அவளுடையதன்று. அவள் எவ்வளவு திறமையாகத் தைத்தாளோ அவ்வளவுக்குக் கூடத்தின் புகழும் செல்வமும் வளர்ந்தன; அவளை அங்கே கட்டிவைத்த ஆற்றலும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. இரண்டாவது, உழைக்கும் செயலிலிருந்து அந்நியமாதல். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எதனை எவ்வாறு தைப்பது என்பவற்றுள் ஒன்றையும் அவள் தீர்மானிக்கவில்லை. ஊசி அவள் கையில் இருந்தது. ஊசியின் வேகம் மற்றொருவர் கையில் இருந்தது.

மூன்றாவது, மனித இயல்பிலிருந்து அந்நியமாதல். பறவையும் கூடு கட்டுகிறது. எனினும் மனிதன் எண்ணித் திட்டமிட்டு, தேவைக்கு அப்பாலும் அழகுக்காகவும் ஆக்குபவன். அவ்வாறு ஆக்கும் உழைப்பே அவனுடைய சிறப்பியல்பு. அது வயிற்றுப்பாட்டுக்கான வெறும் வழியாகக் குறுகும்போது, உழைக்கும் வேளையில் அவன் தன்னை இழந்தவனாகிறான். உண்ணும்போதும் உறங்கும்போதுமே தான் தானாக இருப்பதாக உணர்கிறான். நான்காவது, மனிதரிடமிருந்து மனிதர் அந்நியமாதல். உடையை அணிந்த சீமாட்டிக்கும் அதனைத் தைத்த பெண்ணுக்கும் இடையில் இருந்த உறவு ஒரு விலைச்சீட்டு மட்டுமே. ஒருத்தி மற்றவளின் பெயரையும் அறியாள்.

இங்கே ஒரு தவறான கருத்தை நீக்குதல் வேண்டும். அந்நியமாதல் என்பது மனச்சோர்வோ சலிப்போ தனிமையுணர்ச்சியோ அன்று. அவை அதன் விளைவுகளாக வரலாம், வராமலும் போகலாம். தன் வேலையில் மகிழ்ச்சியோடிருக்கும் தொழிலாளியும், தன் வேலையின் நோக்கத்தையும் முறையையும் பயனையும் தானே ஆளமுடியாதவனாயின், மார்க்ஸின் கருத்துப்படி அந்நியமானவனே. 1845 இல் ஏங்கெல்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட ‘புனிதக் குடும்பம்’ என்னும் நூலில், உடைமை வகுப்பும் பாட்டாளி வகுப்பும் ஆகிய இரண்டுமே அந்நியமாகியுள்ளன என்று மார்க்ஸ் எழுதினார். முதல் வகுப்பு அந்நிலையிலே தன் வலிமையைக் கண்டு நிறைவு கொள்கிறது. இரண்டாவதோ அதிலே தன் அழிவைக் காண்கிறது. ஆக, இது ஒருவருடைய உள்ளத்தின் நோய் அன்று. சமுதாய உறவொன்றின் பெயர்.

பாரிஸ் கையெழுத்துப் பிரதிகள் மார்க்ஸ் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. 1883 இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழியும் தறுவாயில், 1932 இல், அவை முழுமையாக வெளிவந்தன. அதனால், மார்க்ஸைப் படித்த முதலிரு தலைமுறையினர் சுரண்டலை நன்கறிந்திருந்தனர். அந்நியமாதலை அவ்வளவாக அறிந்திலர். ஹங்கேரிய அறிஞர் லூக்காச் மட்டும், அக்குறிப்புக்களைக் காணாமலே, ‘மூலதனம்’ நூலில் பண்டங்களின் மாய ஆற்றலைப் பற்றி வரும் பகுதியைக் கொண்டு, ஏறத்தாழ அதே கருத்தை 1923 இல் விளக்கிக் காட்டினார். 1932 இன் பின் அறிஞர் இரு பிரிவினராயினர். இளைய மார்க்ஸின் மனிதநேயமே மெய்யானது என்றனர் சிலர். அது மெய்யியற் கனவு, பின்னர் எழுந்த பொருளியலே அறிவியல், இரண்டுக்குமிடையில் ஒரு முறிவு உண்டு என்றார் பிரெஞ்சு அறிஞர் அல்தூசர், 1965 இல். முதிய மார்க்ஸ் அந்நியமாதலைக் கைவிட்டார் என்பது இரண்டாம் பிரிவினரின் துணிபு.

ஆனால், நூல்களை நேரே நோக்குவோர்க்கு அத்துணை பெரிய முறிவு புலப்படுவதில்லை. 1857 இலும் 1858 இலும் ‘மூலதன’த்துக்கு முன்னோடியாக மார்க்ஸ் எழுதிய பெருங்குறிப்புக்களில் அந்நியமாதல் என்னும் சொல் பலமுறை வருகின்றது. ‘மூலதன’த்திலும், தொழிலாளி ஆக்கும் செல்வமே அவனை ஆளும் அந்நிய சக்தியாக அவன்முன் நிற்பது பேசப்படுகின்றது. 1844 இல் எழுந்த வினாவுக்கு 1867 இல் கணக்கோடு கூடிய விடை கிடைத்தது எனலாம். தொழிலாளி எதனை இழக்கிறான் என்று இளைஞர் கேட்டார்; அவ்விழப்பு எந்தப் பொறிமுறையால் நாள்தோறும் நிகழ்கிறது என்று முதியவர் காட்டினார்.

இப்பொழுது இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் திட்டமாகக் கூறலாம். அது மூன்று முடிச்சுக்களால் ஆனது.

முதல் முடிச்சு, இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது. உழைப்பவனிடமிருந்து நிலமும் கருவியும் பிரிக்கப்பட்டமையே அவ்வேர். இப்பிரிவு இயற்கையாக நேர்ந்ததன்று. ஸ்கொத்லாந்தில் சதர்லாந்துப் பெருநிலத்திலிருந்து 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர் என்றும், அவர்கள் வாழ்ந்த நிலம் ஆட்டுப் பண்ணையாக மாற்றப்பட்டது என்றும் மார்க்ஸ் எழுதுகிறார். நிலத்தை இழந்தவனுக்கு விற்பதற்கு எஞ்சியது தன் உடலின் ஆற்றல் ஒன்றே. அதனை விற்கவேண்டியிருப்பதனால் அவன் சுரண்டப்படுகிறான். விற்றபின் அது தன்னுடையதாக இராமையால் அவன் அந்நியமாகிறான்.

இரண்டாம் முடிச்சு, சுரண்டலுக்கு ஆணை வேண்டும் என்பது. முதலாளி வாங்குவது உழைக்கும் ஆற்றலை. அவ்வாற்றலிலிருந்து எவ்வளவு உழைப்பு வெளிப்படும் என்பது விலை பேசும்போது உறுதியாவதில்லை. ஒருவனை ஒரு நாளைக்கு வாங்கலாம். அந்நாளில் அவன் கை எத்துணை விரைவாக அசையும் என்பதை வாங்க முடியாது. ஆகவே கங்காணிப்பு, மணியோசை, தண்டப்பணம், வேலையைச் சிறுகூறுகளாகப் பிரித்தல், கையின் வேகத்தை இயந்திரத்தின் வேகத்துக்கு இசைத்தல் ஆகியன எழுகின்றன. கைவினையாளன் கருவியைப் பயன்படுத்தினான். ஆலையிலே இயந்திரம் தொழிலாளியைப் பயன்படுத்துகிறது. மிகைப் பெறுமதியைப் பெறும் முயற்சி இவ்வாறு உழைக்கும் செயலையே தொழிலாளியிடமிருந்து பறிக்கின்றது. இவ்விடத்தில் அந்நியமாதல் சுரண்டலின் கருவியாகிறது.

மூன்றாம் முடிச்சு, இவை ஒரு வட்டமாகச் சுழல்கின்றன என்பது. நேற்று எடுக்கப்பட்ட மிகைப் பெறுமதி இன்று புதிய இயந்திரமாகவும் பெரிய ஆலையாகவும் வந்து நிற்கிறது. அது மேலும் பலரை வேலைக்கு அமர்த்துகிறது; சிலரை வேலையின்றி விரட்டவும் செய்கிறது. தொழிலாளி தன் உழைப்பினாலே தன்னை ஆள்பவனை நாள்தோறும் வளர்த்து வருகிறான். அந்நியமான உழைப்பினின்றும் தனியுடைமை பிறந்தது என்றும், பின்னர் இரண்டும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் நிலையை அடைந்தன என்றும் 1844 ஆம் ஆண்டுக் குறிப்புக்களிலேயே மார்க்ஸ் எழுதியிருந்தார். மூலதனத்தின் பெருக்கத்தைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய அதிகாரங்கள் இச்சுழற்சியின் விரிவுரையே ஆகும்.

இத்துணை நெருங்கிய தொடர்பு இருப்பினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று குறையும்போது மற்றொன்று குறையாதிருத்தல் கூடும். இதனை அமெரிக்க மோட்டார்க் கார்த் தொழிலின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

டெட்ரோயிட் நகரை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி போர்ட் 1913 ஆம் ஆண்டில் நகரும் பொருத்து வரிசையை ஏற்படுத்தினார். அதன்முன் ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற் சென்றது. சில மாதங்களில் அது 93 நிமிடமாகச் சுருங்கியது. தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வேலை அவனைத் தேடி வந்தது. ஒரு திருகை முடுக்குதலே ஒருவனுக்கு நாள் முழுவதும் தொழிலாயிற்று. தொழிலாளர் இதனைப் பொறுக்கவில்லை. அவர்கள் கொடி பிடிக்கவில்லை. வேலையை விட்டு நீங்கினர். அவ்வாண்டில் தொழிலாளர் மாற்றம் நூற்றுக்கு 370 ஆக இருந்தது. ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்கு 50,000க்கு மேற்பட்டோரைச் சேர்க்கவேண்டியதாயிற்று.

1914 ஆம் ஆண்டு சனவரி 5 ஆந் திகதி, ஒன்பது மணி நேர வேலைக்கு ஏறத்தாழ 2 டொலர் 34 சதமாக இருந்த அடிப்படைக் கூலிக்குப் பதிலாக, எட்டு மணி நேரத்துக்கு 5 டொலர் கொடுக்கப்படும் என போர்ட் கம்பனி அறிவித்தது. உலகம் வியந்தது. தொழிலாளர் மாற்றம் 1915 இல் நூற்றுக்கு 16 ஆக வீழ்ந்தது. கம்பனியின் ஆதாயமும் குன்றவில்லை. தம் செலவைக் குறைத்த சிறந்த ஏற்பாடுகளுள் அது ஒன்று என்று போர்ட் பின்னாளில் தம் நூலிலே எழுதினார். அந்த ஐந்து டொலரில் ஏறத்தாழப் பாதி இலாபப் பங்கு என்னும் பெயரால் வந்தது. அதனைப் பெறுதற்குத் தொழிலாளியின் வீடும் குடிப்பழக்கமும் சேமிப்பும் கம்பனியின் சமூகப் பகுதியினரால் ஆராயப்பட்டன.

இங்கே நிகழ்ந்தது யாது? கூலி ஏறியது; அது மெய்யான நன்மை. பல குடும்பங்கள் அதனால் நல்ல உணவும் உறையுளும் பெற்றன. அதனை இழித்துரைத்தல் தகாது. எனினும் வரிசையின் வேகம் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. அதற்கு மாறாக, ஆலைக்குள் இருந்த ஆணை அவன் வீட்டுவாயில்வரை நீண்டது. உற்பத்தித் திறன் கூலியினும் விரைவாக ஏறுமாயின், கூலி ஏறும்போதே சுரண்டலின் விகிதமும் ஏறக்கூடும் என்பதும் மார்க்ஸின் கணக்கிலிருந்து பெறப்படும். கூலி உயர்வு மட்டும் உழைப்புக்கு மனித மேன்மையைத் தந்துவிடாது என்று 1844 இல் அவர் எழுதியதன் பொருள் இதுவே.

போர்ட் விலை கொடுத்து அடக்கிய குறை ஆறு பத்தாண்டுகளின் பின் மீண்டும் வெளிப்பட்டது. ஒகாயோ மாநிலத்து லோட்ஸ்டவுன் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஆலையில் 1972 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மணிக்கு நூறு கார் என்னும் வேகத்தில் வரிசை ஓடியது. ஒவ்வொரு காருக்கும் ஒருவனுக்குக் கிடைத்த நேரம் 36 விநாடி. அத்தொழிலாளர் அந்நாட்டில் நல்ல கூலி பெற்றவர்கள், பெரும்பாலோர் இளைஞர். வேலையின் வேகமும் ஆட்குறைப்புமே அவர்களின் முதன்மையான முறையீடுகளாக இருந்தன.

மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். முதலாளியை நீக்கிவிட்டால் அந்நியமாதல் தானே நீங்கிவிடும் என்று நம்பியோர் பலர். ரஷ்யப் புரட்சியின் பின் 1918 இல், அமெரிக்கராகிய டெய்லரின் வேலைப் பகுப்பு முறையைக் கற்றுப் பயன்படுத்தவேண்டும் என லெனின் வற்புறுத்தினார். நாட்டின் வறுமையும் போரும் அதற்குக் காரணமாயின. ஆனால், ஆலைகள் அரசின் உடைமையான பின்னரும், தொழிலாளிக்கு வேலையளவை விதிப்பவரும் வேகத்தைத் தீர்மானிப்பவரும் மேலே இருந்தோரே. ஹங்கேரியில் ஆலைகள் பெயரளவில் மக்களுடையனவாக இருந்தன. அங்கே 1956 நவம்பரில் தொழிலாளர் தாமே சபைகள் அமைத்து, ஆலைகளின் நிருவாகம் தம்மிடம் இருக்கவேண்டும் என்று கோரினர். அச்சபைகளின் தலைவர்கள் அடுத்த மாதமே சிறைப்பட்டனர். உடைமைப் பத்திரம் கைமாறுவது ஒன்று. உழைப்பின்மேல் உள்ள ஆணை கைமாறுவது மற்றொன்று என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஆகவே இருவகைப் பிழைகள் நேர்தல் கூடும். சுரண்டலை மட்டும் காண்போர், பங்கீட்டைத் திருத்தினாற் போதும் என்று கருதுவர். அந்தப் பங்கை ஆக்கும் எட்டு மணி நேரத்தில் தொழிலாளி யாராக வாழ்கிறான் என்று கேட்கமாட்டார். அந்நியமாதலை மட்டும் காண்போர், அதனை உள்ளத்தின் வெறுமையாகக் கருதி, ஆலையில் இசை ஒலிபரப்புவதாலும் சுவருக்கு நிறம் தீட்டுவதாலும் நல்வார்த்தையாலும் தீர்க்க முயல்வர்; மிகைப் பெறுமதி யாரிடம் செல்கிறது என்று கேட்கமாட்டார். மார்க்ஸ் இரண்டு வினாக்களையும் ஒருங்கே கேட்டார்.

அவருடைய விடைகளை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. உழைப்பே பெறுமதியின் அளவு என்னும் கொள்கையை ஆஸ்திரிய நாட்டுப் போம்-பாவர்க் 1896 இல் கடுமையாக மறுத்தார். பிற்காலப் பொருளியலாளர் பலர் அம்மறுப்பின் வழியே சென்றனர். ஜோன் ரோமர் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 இல் வெளியிட்ட நூலில், ஆலையுள் ஒருவர்மேல் ஒருவர் ஆணை செலுத்தாதபோதும், உடைமையின் ஏற்றத்தாழ்வு ஒன்றினாலேயே சுரண்டல் நிகழக்கூடும் என நிறுவ முயன்றார். கடன்பட்ட சிறு விவசாயி இதற்குச் சான்று. அவன் தன் நிலத்தில், தன் கருவியால், தன் விருப்பப்படி உழைக்கிறான். விளைச்சலின் பெரும்பகுதியோ வட்டியாகச் செல்கிறது. இத்தகைய மறுப்புக்கள் கணக்கின் முறையைத் திருத்தலாம். ஆயினும், உழைப்பின்மேல் ஆணை யாருடையது என்னும் வினாவை அவை இல்லாமற் செய்துவிடவில்லை.

அவ்வினா பழைய ஆலைகளோடு முடிந்துபோனதும் அன்று. மேரி ஆன் மாண்ட அதே இலண்டன் மாநகரில், பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி ஒரு தீர்ப்பு வழங்கியது. ஊபர் கம்பனியின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் தனிப்பட்ட வணிகர்களா, தொழிலாளரா என்பதே வழக்கு. கார் அவர்களுடையது, எப்போது வேலைக்கு வருவது என்பதும் அவர்கள் விருப்பம். எனினும், கட்டணத்தைக் கம்பனியே நிருணயித்தது. உடன்படிக்கையின் விதிகளை அதுவே வகுத்தது. பயணிகள் இட்ட புள்ளிகளைக் கொண்டு ஓட்டுநர்களை அதுவே கண்காணித்தது. இவற்றை ஆராய்ந்த நீதிபதிகள் அவர்கள் தொழிலாளரே என்று ஒருமனதாகத் தீர்த்தனர். கங்காணியின் இடத்தைக் கைத்தொலைபேசி பெற்றிருக்கிறது. கருவி தன்னுடையதாயினும் ஆணை தன்னுடையதன்று என்னும் நிலைமை மட்டும் மாறவில்லை.

சுரண்டலும் அந்நியமாதலும் எவ்விடத்திற் சந்திக்கின்றன என்று கேட்பின், காலத்திலே சந்திக்கின்றன எனலாம். ஊதியமின்றி எடுக்கப்படும் மணி நேரம் எதுவோ, அதுவே ஒரு மனிதனின் வாழ்நாளிலும் ஒரு மணி நேரமாகும். கணக்கேட்டில் அது மிகைப் பெறுமதி. வாழ்க்கையில் அது பிள்ளையோடு பேசாத பொழுது, படிக்காத நூல், உறங்காத இரவு. இதனாலேயே வேலைநாளைக் குறைக்கும் போராட்டத்துக்கு மார்க்ஸ் பெருஞ்சிறப்புக் கொடுத்தார். இங்கிலாந்தின் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலையை வரையறுத்த 1847 ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் தொழிலாளரின் பெருவெற்றியாக மதித்தார். அவருடைய மறைவுக்குப் பின் 1894 இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்த ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்திலும், மனிதனின் உண்மையான சுதந்திரம் தேவைக்காக உழைக்கும் நேரத்துக்கு அப்பாலேயே தொடங்குகிறது என்றும், அதற்கு அடிப்படை வேலைநாளின் குறுக்கமே என்றும் கூறப்பட்டுள்ளது.

1847 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளோடு நின்றுவிட்டது. தையற்கூடங்களை அது எட்டவில்லை. எட்டியிருந்தால் மேரி ஆன் வோக்லி அந்த ஞாயிற்றுக்கிழமை இறந்திருக்கமாட்டாள் என எண்ண இடமுண்டு. திங்கட்கிழமை அவள் மீண்டும் அதே அறைக்குச் சென்று, மற்றொருத்தியின் உடையை மற்றொருத்தியின் கட்டளைப்படி, பத்து மணி நேரம் மட்டும் தைத்திருப்பாள். அது அவளுக்கு உயிர்ப்பிச்சையாக இருந்திருக்கும். ஆதலால் அச்சட்டத்துக்காகப் போராடியோர் நன்றிக்குரியோர். அவள் தைத்த பொழுது எப்போது அவளுடையதாகும் என்பது அதன் பின்னரும் விடை வேண்டி நின்றிருக்கும்.